பி0171: சென்சார் மேல் ஏன் பழி?

“ஆக்சிஜன் சென்சாரை மாற்றியாயிற்று, பில்லும் கட்டியாயிற்று. பத்தே நாளில் செக் என்ஜின் லைட் மறுபடி எரிகிறது. ஸ்கேனரில் அதே பி0171. போட்டது டூப்ளிகேட்டா?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். டூப்ளிகேட்டாக இல்லாமலும் இருக்கலாம். கழற்றிப் போட்ட பழைய சென்சாரே அநேகமாக நன்றாக இருந்திருக்கும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டுகிறோமே, அந்த 16 பின் சாக்கெட் கார்க்காரரின் வசதிக்காகப் பிறந்தது அல்ல. லாஸ் ஏஞ்சலிஸின் புகைமூட்டத்தோடு மல்லுக்கட்டிய கலிபோர்னியா வற்புறுத்தி, 1996 மாடலிலிருந்து அமெரிக்கா முழுக்கக் கட்டாயமானது. நமக்கு பிஎஸ்-4 விதிகளோடு வந்து சேர்ந்தது. புகை கெடுகிறதா என்பதுதான் அதன் முதல் கவலை. எந்தப் பாகம் பழுது என்று அது சொல்வதில்லை. எந்தக் கணக்கு உதைக்கிறது என்று மட்டும் சொல்லும்.

பி0171 என்றால் ‘கலவை லீன்’: காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எரிந்து வரும் புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று சைலன்ஸர் குழாயில் உட்கார்ந்து பார்ப்பது ஆக்சிஜன் சென்சார். சாதாரண ஜிர்கோனியா சென்சார் என்றால் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். அந்த ஆட்டம்தான் அதன் ஆரோக்கியம். காற்று அதிகம் என்று அது சொன்னால் என்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும். எத்தனை சதவீதம் கூட்டியது என்ற எண்ணுக்கு ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர். கூட்டிக் கூட்டி எல்லையைத் தொட்ட பிறகே விளக்கு எரிகிறது.

எனக்கு மிகவும் பிடித்த எண் இந்த ட்ரிம். ஐம்பது ரூபாய்க்குப் பெறாத ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்து, கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது என்று வையுங்கள். ஐடிலிங்கில் ட்ரிம் 20, 25 என்று நிற்கும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோனால் சரசரவென்று இறங்கிவிடும். எங்கள் வீட்டில் சொல்லாமல் ஒரு ஆள் சாப்பிட வந்தால் அம்மா மறுபடி உலை வைப்பார். கல்யாணப் பந்தியில் அதே ஆள் உட்கார்ந்தால் யாருக்கும் தெரியாது. ஓட்டை வழியே வரும் காற்றும் அப்படித்தான். ஐடிலிங்கில் ட்ரிம் ஒழுங்காக இருந்து, மிதிக்க மிதிக்க ஏறினால் கதை வேறு: ஃப்யூவல் பம்ப் திணறுகிறது, அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது காற்றை அளக்கும் மாஃப் சென்சாரில் தூசி. (மாஃப் இல்லாமல், இன்டேக்கின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரை நம்பும் கார்களில் ஹோஸ் ஓட்டை இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்காது. ஐடிலிங் ஏறுவதுதான் அங்கே துப்பு.) சென்சாருக்கு முன்னால் சைலன்ஸர் குழாயில் விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து பொய்யாக லீன் காட்டும்.

இதையெல்லாம் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஹோஸ் ஓட்டை என்று சந்தேகம் வந்தால், என்ஜினை அணைத்துவிட்டு இன்டேக்கில் புகை செலுத்தினால் கசியும் இடம் கண்ணுக்கே தெரியும். ஆனால் ஸ்கேனர் வாங்குகிறவர்கள் எல்லாம் அதில் இரண்டு பட்டன்களோடு நின்றுவிடுகிறார்கள்: ரீட், எரேஸ். பழைய கார் விற்கிற இடங்களில் இரண்டாவது பட்டன்தான் தேய்ந்திருக்கும். எரேஸ் செய்தால் கோட் மட்டுமா போகிறது? கோளாறு பதிவான நொடியில் வேகம் என்ன, சூடு என்ன, ட்ரிம் என்ன என்று எடுத்து வைத்த ஃப்ரீஸ் ஃப்ரேமும் அழிந்துபோகும். மெக்கானிக்குக் கிடைத்திருக்கும் ஒரே சாட்சியம் அது. வண்டியை விடும்போதே, அழிக்கும் முன் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

விளக்கு நின்று எரிந்தால் இப்படி நிதானமாகத் தேடலாம். விட்டுவிட்டு மின்னினால் பொறுக்காதீர்கள். ஏதோ சிலிண்டர் பற்றாமல், எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உள்ளே பிளாட்டினமும் பல்லேடியமும் ரோடியமும் பூசிய பீங்கான் தேனடை உருகிவிட்டால், வரப்போகும் பில்லில் பழைய சென்சார் செலவு ஒரு சில்லறையாகத்தான் தெரியும்.