உங்களுக்குத் தெரியுமா? மாணவர்கள் போராடிப் பெற்ற பாடம்

அமெரிக்கக் கல்லூரிகளில் 'எத்னிக் ஸ்டடீஸ்' என்றொரு பட்டப்படிப்பு உண்டு. இனக்குழு ஆய்வு எனலாம். கறுப்பின மக்கள், பூர்வகுடிகள், சிகானோ (மெக்சிக வம்சாவளியினர்) மற்றும் லத்தீனோ மக்கள், ஆசிய அமெரிக்கர்கள் ஆகியோரின் வாழ்வும் வரலாறும்தான் இதன் அடித்தளம்.

இதைக் கேட்டு வாங்கியவர்கள் மாணவர்கள்! சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரியில் 1968 நவம்பர் 6 அன்று வகுப்புகளைப் புறக்கணிக்கத் தொடங்கினார்கள். போலீஸ் தடியடி, கைது எல்லாவற்றையும் தாங்கி, 1969 மார்ச் வரை உறுதியாக நின்றார்கள். அந்த ஆண்டே அங்கு இதற்கெனத் தனிப் புலம் உருவானது. பக்கத்து பெர்க்லி பல்கலைக்கழகத்திலும் 1969-ல் போராட்டம் வெடித்தது, துறையும் பிறந்தது.

'ஆசிய அமெரிக்கர்' என்ற சொல்லுக்கும் வயது அவ்வளவுதான். யூஜி இச்சியோக்காவும் எம்மா ஜீயும் 1968-ல் பெர்க்லியில் தொடங்கிய மாணவர் அமைப்பின் பெயரில் வந்த சொல் அது.

இனக்குழு ஆய்வு ஒரே துறைக்குள் அடங்குவதில்லை. ஏன்? பகத் சிங் திண்ட் வழக்கைப் பாருங்கள். பஞ்சாபிலிருந்து போனவர், முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர். வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டுமே குடியுரிமை என்று அன்றைய சட்டம் சொன்னது. 1922 நவம்பரில், தக்காவோ ஒசாவா என்ற ஜப்பானியரின் வழக்கில், 'வெள்ளையர் என்றால் காக்கேசிய இனத்தவர்' என்று கூறி அவரை ஒதுக்கியது உச்ச நீதிமன்றம். அன்றைய மானுடவியல் நூல்கள் வட இந்தியர்களையும் காக்கேசியர் என்றே வகைப்படுத்தியிருந்தன. அதைக் காட்டி வாதாடினார் திண்ட். 1923 பிப்ரவரியில் அதே நீதிமன்றம் மாற்றிப் பேசியது: அறிவியல் வகைப்பாடு முக்கியமல்ல, சாமானியர் யாரை வெள்ளையர் என்று கருதுகிறாரோ அவரே வெள்ளையர். இரண்டு தீர்ப்பையும் எழுதியவர் ஒரே நீதிபதி, ஜார்ஜ் சதர்லாந்து. ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரும் அதன்பின் அதை இழந்தார்கள். சட்டம் மட்டும் படித்தவருக்கு இதில் பாதிதான் விளங்கும். மானுடவியலின் வரலாறும் குடியேற்ற அரசியலும் தெரிந்தால்தான் அந்த அநியாயம் முழுதாகக் கண்ணில் படும்.

கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் பட்டம் பெற, இனக்குழு ஆய்வில் 3 யூனிட் பாடம் ஒன்றை முடித்தே ஆக வேண்டும். இதற்கான சட்டம் 2020-ல் வந்தது.

இந்தப் படிப்போடு தொடர்புடைய இன்னொரு கதை. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஏஞ்சல் தீவு என்று ஒன்று இருக்கிறது. 1910 முதல் 1940 வரை, கப்பலில் வந்த சீனர்களை வாரக்கணக்கில், சிலரை மாதக்கணக்கில்கூட, அங்கே அடைத்து வைத்து விசாரித்தார்கள். அவர்கள் தங்கள் ஏக்கத்தையும் கோபத்தையும் மரச்சுவர்களில் கவிதைகளாகச் செதுக்கினார்கள். மேலே வண்ணம் பூசி மறைத்தும் எழுத்துகள் அழியவில்லை. கட்டடம் இடிபட இருந்த நிலையில், 1970-ல் அலெக்சாண்டர் வெய்ஸ் என்ற பூங்காக் காவலர் அவற்றைப் பார்த்தார். மேலதிகாரிகள் பொருட்படுத்தவில்லை. சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரிப் பேராசிரியர் ஜார்ஜ் அராக்கியிடம் போய்ச் சொன்னார். அராக்கி ஒரு புகைப்படக்காரரை அழைத்துவந்து, சுவரில் கண்ட எழுத்தையெல்லாம் படமெடுக்க வைத்தார். இன்று இனக்குழு ஆய்வு வகுப்புகளில் அந்தக் கவிதைகள் பாடம். அராக்கி கற்பித்தது இலக்கியமோ வரலாறோ அல்ல, உயிரியல்.