டுமீல்... டமால்! பொய்ச் சண்டையில் போகும் நிஜ உயிர்கள்

கடப்பாக்கம்:

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 100 கிலோ மீட்டர் தெற்கே வந்தால் கடப்பாக்கம். மெயின் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டை.

கோட்டை என்றதும் செஞ்சி மாதிரி நினைத்துக்கொண்டு போகாதீர்கள். பிளந்த செங்கல் சுவர், சரிந்த கொத்தளம், ஒரு பக்கம் மணல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. அவ்வளவுதான். மொகலாயர் காலத்துக் கட்டடம் இது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போயிற்று. 1760-ல் வெள்ளைக்காரர்கள் சண்டை போட்டுப் பிடித்தார்கள். பிடித்த கையோடு இடித்தும் போட்டார்கள். மிச்சம் இருந்ததை 2004 சுனாமி ஒரு கை பார்த்தது.

இப்படி ஓர் இடம் கண்ணில் பட்டால் சின்ன பட்ஜெட் சினிமாக்காரர் சும்மா இருப்பாரா? "குண்டு விழுந்த கோட்டை" என்று தனியாக செட் போட வேண்டாம். சாலை ஓரமெல்லாம் சவுக்குத் தோப்பு. பத்துப் பேருக்குப் பச்சைச் சட்டை மாட்டி, முகத்தில் கரியைப் பூசி, தோப்புக்குள் ஓட விட்டால் போதும். வியட்நாம் ரெடி!

சிரிக்க வேண்டாம். உலகம் பூராவும் மலிவு விலைப் போர்ப் படங்கள் இந்தக் கணக்கில்தான் எடுக்கப்பட்டன. அவற்றை நாமும் விசில் அடித்துப் பார்த்தோம். விசில் சத்தத்தில் கேட்காமல் போன சில அலறல்களும் உண்டு.

ஏன் பிடிக்கிறது?

ஆபீஸ் முடிந்து, கசங்கிய சட்டையோடு இரண்டாவது ஆட்டத்துக்குப் போகிற குமாஸ்தாவைக் கேட்டுப் பாருங்கள். பகல் பூரா அவரைப் படுத்தியவர் யார் என்று அவருக்கே தெரியாது. மேலதிகாரியா, மேலதிகாரிக்கும் மேலே இருக்கிறவரா, வட்டிக் கடையா, விலைவாசியா? எதிரிக்கு முகமே கிடையாது.

போர்ப் படத்தில் அந்தத் தொல்லை இல்லை. எதிரி வேறு கலர் சட்டை போட்டுக்கொண்டு வருவான். சுட்டால் விழுவான். கதை புரிய பாஷை கூட வேண்டாம். 1980-களில் இங்கிலீஷ் படத்துக்குக் காலைக் காட்சி போனவர்களில் எத்தனை பேருக்கு வசனம் புரிந்தது? ஸ்டாலோன் என்ன பேசினால் என்ன? துப்பாக்கி எல்லா பாஷையிலும் ஒரே மாதிரிதான் பேசுகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு இந்தக் காலத்துப் போர் அதிகம் தெரியாது. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன்காரர்களின் எம்டன் கப்பல் வந்து சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டது. கொஞ்ச நேரத்துக் கூத்துதான். ஆனால் "அவன் சரியான எம்டன்" என்று நூறு வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 1942-ல் ஜப்பான்காரன் வருகிறான் என்று சென்னையே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியது. அதற்கப்புறம் நம்மில் பெரும்பாலோர் போரைப் பார்த்தது வெள்ளைத் திரையில்தான்.

சேலத்தில் ஜப்பான், ஸ்டூடியோவில் சீனா

நம் ஆட்களும் சளைத்தவர்கள் அல்ல. இரண்டாம் உலகப் போர் நேரத்தில் கச்சா பிலிமுக்கே பஞ்சம். 11,000 அடிக்கு மேல் படம் நீளக் கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு. போருக்கு ஆதரவாகப் படம் எடுங்கள் என்று நெருக்குதல் வேறு. அப்படி வந்தவற்றில் ஒன்று 1945-ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த "பர்மா ராணி." ஜப்பான் பிடியில் இருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படை ஆட்களின் கதை. முதலாளி டி.ஆர்.சுந்தரமே ஜப்பான் தளபதி வேஷம் கட்டினார். தமிழ் பேசும் ஜப்பான் தளபதி! ஜனங்கள் பார்த்தார்கள். அதே வருஷம் கே.சுப்பிரமணியம் "மானசம்ரட்சணம்" எடுத்தார். ஜெமினியிலிருந்து "கண்ணம்மா என் காதலி" வந்தது. இரண்டும் போர்க்காலச் சரக்குதான்.

அடுத்தது 1963-ல் "இரத்தத் திலகம்." சீனப் போர் முடிந்து ஒரு வருஷம் கூட ஆகவில்லை. கண்ணதாசன் எழுத, தாதா மிராசி டைரக்ட் செய்ய, சிவாஜியும் சாவித்திரியும் நடித்தார்கள். அதில் சீனாக்காரர்களும் தமிழில்தான் பேசுவார்கள். போர்ப் படத்துக்கு நடுவே ஷேக்ஸ்பியரின் ஒத்தெல்லோ நாடகம் வேறு! சிவாஜி இருக்கும்போது துப்பாக்கியை மட்டும் பேச விடுவார்களா?

மறு வருஷம், 1964-ல், அதே சீனப் போரை வைத்து சேத்தன் ஆனந்த் இந்தியில் "ஹகீகத்" எடுத்தார். லடாக்குக்கே போய், ராணுவத்தின் உதவியோடு எடுத்த படம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம்முடைய போர்க்களம் நாடக மேடை மாதிரிதான் தெரியும். ஆனால் தமிழன் கண்ணீர் விட்டது நம் படத்துக்குத்தான். பனி பஞ்சாக இருந்தால் என்ன, சாவித்திரி அழுதால் போதும்.

தீராத தோட்டா

குறைகளைச் சொல்லப் போனால் இந்தப் பக்கம் போதாது.

ஏ.கே.47 துப்பாக்கியை விடாமல் அழுத்தினால் நிமிஷத்துக்கு 600 குண்டு வேகத்தில் சுடும். ஒரு மேகசினில் 30 குண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றே செகண்டில் காலி! நம் ஹீரோ மூன்று நிமிஷம் சுடுவார். நூறு பேர் விழுவார்கள். எதிரி பத்து பேராக நின்று சுட்டாலும் ஹீரோவின் தோளில் ஒரு சிராய்ப்பு. அதற்குக் கட்டுப் போட ஹீரோயின் தாவணியைக் கிழிப்பார்.

கையெறி குண்டு வெடித்தால் பனை உயரத்துக்கு நெருப்புப் பந்து எழும்பும். நிஜக் குண்டில் அப்படி வராது. புகையும் மண்ணும் கிளம்பும், இரும்புச் சில்லுதான் ஆளைக் கொல்லும். சினிமாவில் பார்க்கிற தீ, பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துகிற தீ. வெடித்த இடத்தில் ஆட்கள் குட்டிக்கரணம் அடித்துப் பறப்பது ஸ்பிரிங் பலகையின் உபயம். ஒரே வெடியை மூன்று கேமராவில் பிடித்து, மூன்று வெடியாகக் காட்டுவது பழைய தந்திரம்.

இன்னும் கூர்ந்து பார்த்தால் வேடிக்கை அதிகம். முதல் ரீலில் செத்த ஆள் மூன்றாவது ரீலில் மீசை ஒட்டிக்கொண்டு வந்து மறுபடியும் சாவார். கிளம்பின விமானம் ஒன்று, குண்டு போடும் விமானம் வேறு. ஏதோ பழைய செய்திப் படத்திலிருந்து வெட்டி ஒட்டியது. கொட்டகையில் இதைக் கண்டுபிடித்துக் கத்துகிற ஆசாமிக்கு எப்போதும் மவுசு உண்டு. குறை கண்டுபிடிப்பதும் டிக்கெட் காசில் சேர்த்திதான்.

காசு இல்லாததால் படம் கெட்டுவிடும் என்றும் சொல்ல முடியாது. 1972-ல் சோவியத் ரஷியாவில் ஒரு படம் வந்தது. போரிஸ் வசீலியெவ் நாவல், ரஸ்தோத்ஸ்கி டைரக்ஷன். காடு, ஒரு சார்ஜென்ட், ஐந்து பெண்கள். எதிரே 16 ஜெர்மானியர்கள். அவ்வளவு சின்னக் கூட்டத்தை வைத்துக்கொண்டு உலகத்தையே கலங்க வைத்தார்கள். அந்தக் கதையை ஒட்டித்தான் 2009-ல் எஸ்.பி.ஜனநாதன் ஜெயம் ரவியை வைத்து "பேராண்மை" எடுத்தார். காட்டில் மரம் நிறைய இருந்தால் படையில் ஆள் குறைவு என்பது தெரியாது. ஆள் யார் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

போஸ்டர் முதலில், படம் பிறகு

மலிவுப் போர்ப் படத்துக்கு உலகச் சந்தை திறந்தவர்கள் என்றால் கேனன் கம்பெனியைச் சொல்ல வேண்டும். மெனஹெம் கோலன், யோராம் குளோபஸ் என்று இஸ்ரேலைச் சேர்ந்த இரண்டு பேர். உறவுக்காரர்கள். 1979-ல் கம்பெனியை வாங்கினார்கள். கான் பட விழாவில் போஸ்டரைக் காட்டி அட்வான்ஸ் வாங்குவார்கள். படம் அதற்கப்புறம்தான் எடுப்பார்கள். நம்ம ஊர் ஃபைனான்சியர்களுக்கே பாடம் எடுக்கலாம்!

சக் நோரிஸ் நடித்த "மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்" 1984-ல் வந்தது. இரண்டு பாகங்களை அடுத்தடுத்து எடுத்தார்கள். பார்த்தால் இரண்டாவது பாகம்தான் நன்றாக இருந்தது. என்ன செய்தார்கள்? அதையே முதலில் ரிலீஸ் செய்துவிட்டார்கள். வியட்நாம் சிறையிலிருந்து ஹீரோ தப்பிக்கும் கதையை மறு வருஷம் "ஆரம்பம்" என்று பெயர் சூட்டி விட்டார்கள். ஹீரோ திரும்பிப் போனதை முதலிலும், தப்பி வந்ததைப் பிறகும் ஜனங்கள் பார்த்தார்கள். இரண்டுக்கும் காசு கொடுத்தார்கள்.

இப்படிப்பட்ட படங்களில் பலவற்றுக்கு வியட்நாம் ஆனது பிலிப்பைன்ஸ் நாடு. காடு உண்டு, கூலி குறைவு, ராணுவ ஹெலிகாப்டரும் கிடைக்கும். பெரிய படமான "அபோகலிப்ஸ் நவ்" கூட அங்கேதான் எடுக்கப்பட்டது. 1976-77-ல் நடந்த அந்த ஷூட்டிங்குக்கு மார்கோஸ் அரசு ஹெலிகாப்டர்களை வாடகைக்குக் கொடுத்தது. நடுவில் நிஜக் கலகக்காரர்களை அடக்கப் போக வேண்டும் என்று ஷூட்டிங்கை அம்போவென்று விட்டுவிட்டு ஹெலிகாப்டர்கள் பறந்து போன கதையும் உண்டு.

சிரிப்பு இந்த இடத்தோடு நிற்கிறது.

விழுந்தது நிஜ ஹெலிகாப்டர்

1987 மே மாதம். "மிஸ்ஸிங் இன் ஆக்ஷன்" மூன்றாம் பாகத்தின் படப்பிடிப்பு. பிலிப்பைன்ஸ் விமானப்படை ஹெலிகாப்டர் மணிலா விரிகுடாவில் விழுந்தது. 4 பிலிப்பைன்ஸ் ராணுவ வீரர்கள் பலி. போரில் சாகவில்லை, போர் மாதிரி காட்டப் போய்ச் செத்தார்கள்.

இரண்டு வருஷம் கூட முழுசாக ஆகவில்லை. 1989 மே மாதம் அதே கம்பெனி, அதே ஹீரோ, அதே நாடு. "டெல்டா ஃபோர்ஸ்" இரண்டாம் பாகம். மறுபடியும் ஹெலிகாப்டர் விழுந்தது. 5 பேர் பலி. படம் நிற்கவில்லை. 1990-ல் ரிலீஸ் ஆயிற்று.

மலிவுப் படத்தில்தான் இப்படி என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1982 ஜூலை 23, அதிகாலை. அமெரிக்காவில் "ட்விலைட் ஸோன்" படத்துக்காக வியட்நாம் போர்க் காட்சி எடுத்தார்கள். கீழே வெடி, மேலே தாழ்வாகப் பறக்கும் ஹெலிகாப்டர். வெடியில் நிலை தடுமாறி ஹெலிகாப்டர் சாய்ந்தது. விக் மாரோ என்ற நடிகரும் இரண்டு குழந்தைகளும் அந்த இடத்திலேயே பலி. குழந்தைகளை ராத்திரி வேலைக்கு வைக்கச் சட்டம் இடம் தராது என்பதால் கணக்கில் காட்டாமல் கூட்டி வந்திருந்தார்கள். வழக்கு வருஷக் கணக்கில் நடந்தது. 1987-ல் டைரக்டர் உள்பட எல்லோரும் விடுதலை.

இது எங்கேயோ நடந்தது என்று பேப்பரை மடிக்க வேண்டாம்.

2020 பிப்ரவரி 19 இரவு, பூந்தமல்லி பக்கத்து ஸ்டூடியோவில் "இந்தியன் 2" படப்பிடிப்பு. ராட்சத கிரேன் சாய்ந்து 3 பேர் நசுங்கிச் செத்தார்கள். கோடி கோடியாகக் கொட்டிய படம் அது. 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் "சர்தார் 2" படத்தின் சண்டைக் காட்சிக்கான வேலையின்போது ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் உயரத்திலிருந்து விழுந்து பலியானார். 2025 ஜூலை 13 அன்று, இதே வங்கக் கடலோரம், நாகப்பட்டினம் மாவட்டத்தில் "வேட்டுவம்" படப்பிடிப்பில் கார் பறந்து கவிழும் காட்சி. காரை ஓட்டிய ஸ்டண்ட் கலைஞர் வெளியே வரவில்லை. போலீசார் வழக்குப் பதிவு செய்தார்கள். இவை போர்ப் படங்கள் அல்ல. ஆனால் விழுகிறவர், பறக்கிறவர், எரிகிறவர் எல்லாம் ஒரே இனம்தான். போஸ்டரில் முகம் வராத இனம்.

ஒரு ஷாட்டில் சிக்கனம் செய்ய எத்தனையோ வழி உண்டு. பஞ்சைப் பனி என்று சொல்லலாம். டிராக்டர் மேல் பிளைவுட் அடித்து டாங்கி என்று சொல்லலாம். செத்தவரையே திரும்பச் சாக வைக்கலாம். கொட்டகையில் யாரும் கோபிக்க மாட்டார்கள், கைதட்டித்தான் சிரிப்பார்கள். கீழே போடும் அட்டைப் பெட்டியும் மெத்தையும் குறைந்தால், ஒத்திகை ஒரு தடவை குறைந்தால், ஆம்புலன்ஸ் வாடகையை மிச்சம் பிடித்தால், அது மட்டும் திரையில் தெரியாது. டிக்கெட் வாங்கினவருக்கும் தெரியாது. மறுநாள் எங்கள் பக்கத்தில் நாலு வரி வரும்போதுதான் தெரியும். அதிலும் முதல் வரியில் ஹீரோ பெயர், கடைசி வரியில் செத்தவர் பெயர்.

கடப்பாக்கம் மாதிரி இடங்களில் ஒரு காரியம் செய்யலாம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் புதுச்சேரிக்கோ செங்கல்பட்டுக்கோ வண்டி ஓட வேண்டிய ஊர் இது. கோட்டைச் சுவரில் ஏறிக் குதிக்கிறேன், தோப்பில் வெடி வைக்கிறேன் என்று கேமராவோடு ஆட்கள் வந்து இறங்கினால், வேடிக்கை பார்க்கக் கூடுகிற ஊர் ஜனம் ஹீரோ யார் என்று கேட்பதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் எங்கே நிற்கிறது என்று கேட்கட்டும். நிற்கவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன் போடட்டும்.