ஒரு மரம் போனால் எந்த மரம்?

எங்கள் வீட்டு வாசலில் என் தகப்பனார் நட்ட மாமரம் ஒன்று நின்றது. விசேஷம் என்றால் மாவிலைக்கு அக்கம்பக்கத்தார் எங்கள் வீட்டுக்குத்தான் வருவார்கள். காலப்போக்கில் கரையான் புகுந்து அடிமரம் பொந்தாகிவிட்டது. ஒரு மழை இரவில் பெருங்கிளை முறிந்து பக்கத்து வீட்டுக் கூரைமேல் விழுந்தது. மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு, அம்மரத்தை அகற்றத் தீர்மானித்தோம். சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட எழுத்துமூல அனுமதி வேண்டும் என்பது 1976ஆம் ஆண்டின் நகர், கிராமத் திட்டமிடல் சட்ட விதி. ஆகவே மாநகர் மன்றத்தின் அனுமதி பெற்றே வெட்டினோம்.

வெறும் வாசலைப் பார்த்து என் தாயார் கண் கலங்கினார். "அந்த இடத்திலே ஒரு அரசங்கன்று வைப்பா, புண்ணியம்" என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் அரசும் ஆலும் குளக்கரைக்கும் திடலுக்கும் உரியவை. பறவை எச்சத்தில் விழும் சிறு விதையே சுவரில் முளைத்துக் கட்டடத்தைப் பிளக்க வல்லது. சிறிய வாசலில் நட்டால் கால்வாயும் அஸ்திவாரமும் பாழாகும். பிறகு அரசமரத்தை வெட்டிய பாவம் நம் பிள்ளைகள் தலையில் விழும்.

நாகலிங்க மரமும் நினைவுக்கு வந்தது. தண்ணீர்மலைப் பக்கம் 1884இல் அமைந்த தாவரவியல் பூங்காவில் அதன் அழகைப் பலரும் கண்டிருப்பீர்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அம்மரத்தின் காய்கள் பீரங்கிக் குண்டு போன்றவை. ஆட்கள் நடமாடும் வாசலுக்கு அது ஆகாது.

விடையை நம் ஊரே வைத்திருக்கிறது. பினாங்கு என்றாலே பாக்கு மரம். ஜார்ஜ்டவுனின் பழம்பெயர் தஞ்சோங் பெனாகா. அதாவது புன்னை முனை. அதே புன்னைதான் மயிலாப்பூர் கபாலீஸ்வரர் ஆலயத்தின் தல விருட்சம். உப்புக் காற்றையும் மணலையும் தாங்கும். ஆனால் அகலமாகப் படரும்; ஆகவே கடலோரத்தில், இடம் தாராளமாக உள்ள ஆலயங்களுக்கு ஏற்றது.

சிறிய வாசலுக்கு மகிழம். மலாய்க்காரர்கள் இதனைப் புங்கா தஞ்சோங் என்பார்கள். திருவொற்றியூரில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்தது இம்மரத்தடியில்தான் என்பது வரலாறு. எப்போதும் பசுமை, அடர்ந்த நிழல், உலர்ந்தாலும் மணம் மாறாத பூ. மெதுவாகத்தான் வளரும்; அவசரம் கூடாது.

பழைய அடிக்கட்டையையும் உளுத்த வேர்களையும் தோண்டி எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி, சுவரையும் கால்வாயையும் விட்டு விலகி மகிழங்கன்றை நட்டோம். முதல் குடம் தண்ணீரை என் தாயாரே ஊற்றினார். "நான் பூப் பறிக்கிறேனோ இல்லையோ, பேரப்பிள்ளைகள் பறிப்பார்கள்" என்றார்.

ஆலயங்களுக்கு மரக்கன்று உபயம் செய்யும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். கன்று வாங்குமுன் இடத்தைப் பாருங்கள். அது நன்கு வேரூன்றும் வரை தண்ணீர் ஊற்றும் பொறுப்பையும் உபயத்தோடு சேர்த்து ஏற்றுக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்த உபயம் நிறைவு பெறும்.