எச்சில் குழாயில் ஒரு குடும்பமே இருக்கிறது

பெட்டியைத் திறந்தால் உள்ளே விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குழாய். அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல் இருந்துவிட்டு, குழாயில் போட்டிருக்கும் கோடு வரை எச்சிலைத் துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. மூடியை அழுத்தி மூடினால் அதற்குள் இருக்கும் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்கும். டிஎன்ஏ கெடாமல் காப்பது அதுதான். குலுக்கித் தபாலில் சேர்த்துவிட்டால் சில வாரங்களில் அறிக்கை வந்துவிடும். முன்னோர் எந்தப் பகுதிக்காரர்கள், எந்த நோய்க்கு வாய்ப்பு கூடுதல், முகமே தெரியாத உறவினர்கள் யார் யார் என்றெல்லாம் அதில் இருக்கும்.

அமெரிக்காவில் இந்தப் பெட்டியைக் கிறிஸ்துமஸ் பரிசாகவே கொடுக்கிறார்கள். இந்தத் தொழிலில் பெயர்பெற்ற 23அண்ட்மீ 2006-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. நம் உடலிலுள்ள 23 ஜோடி குரோமோசோம்களை வைத்துத்தான் அந்தப் பெயர். ஒன்றரைக் கோடிக்கும் அதிகமானவர்கள் அதற்கு எச்சில் அனுப்பியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்துக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொண்டால், துப்புவதற்கு முன் யோசிக்க வேண்டியவை தானாகப் புரியும்.

14,000 கணக்குகள், 69 லட்சம் பேர்

2023 அக்டோபரில் தகவல் திருட்டு வெளியே தெரிந்தது. திருடர்கள் பெரிய வித்தை எதுவும் செய்யவில்லை. வேறு இணையதளங்களிலிருந்து ஏற்கெனவே கசிந்திருந்த பாஸ்வேர்டுகளை இங்கே போட்டுப் பார்த்தார்கள். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் வைத்திருந்தவர்களின் கணக்குகள் திறந்துகொண்டன. அப்படித் திறந்தவை ஏறத்தாழ 14,000. ஆனால் தகவல் பறிபோனவர்கள் 69 லட்சம் பேர்.

இடையில் இருந்தது, உறவினர்களைக் கண்டுபிடித்துத் தரும் வசதி. ஒரு கணக்குக்குள் நுழைந்தால் அவருடன் டிஎன்ஏ ஒத்துப்போகும் நூற்றுக்கணக்கானவர்களின் பெயர், உறவுமுறை, எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்ற கணக்கு எல்லாம் தெரியும். சிலர் பிறந்த வருடத்தையும் ஊரையும்கூடப் போட்டு வைத்திருந்தார்கள். பாஸ்வேர்டில் கவனக்குறைவாக இருந்தவர்கள் மீது நிறுவனம் பழியைப் போட்டது. மற்ற லட்சக்கணக்கானவர்கள் என்ன தப்பு செய்தார்கள்? தூரத்து உறவு ஒன்று தன் கதவைச் சரியாகப் பூட்டவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அதைவிட அச்சம் தந்தது, திருடியவர்கள் அதை விற்பனைக்கு வைத்த விதம். யூத வம்சாவளியினர், சீன வம்சாவளியினர் என்று இனவாரியாகப் பட்டியல் போட்டு இணையத்தில் விலை பேசினார்கள். இனத்தின் பெயரால் ஆட்களைத் தேடிப்பிடித்துக் கொன்ற காலம் மனித நினைவிலிருந்து இன்னும் மறையவில்லை. ஏடிஎம் கார்டு எண் களவு போனால் புது கார்டு வாங்கிக்கொள்ளலாம். மரபணுவை மாற்றிக்கொள்ள எந்த வங்கிக் கிளையும் கிடையாது.

நீங்கள் துப்பாவிட்டாலும்

2018 ஏப்ரலில் கலிபோர்னியா போலீஸார் ஜோசப் ஜேம்ஸ் டியாஞ்செலோ என்ற கொலைகாரரைப் பிடித்தார்கள். 1970-80களில் நடந்த கொலைகள். பிற்பாடு 13 கொலைகளை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். எந்த டிஎன்ஏ நிறுவனத்துக்கும் அவர் எச்சில் கொடுக்கவில்லை. பழைய தடயத்திலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஜெட்மேட்ச் போன்ற வம்சாவளித் தளங்களில் ஏற்றியபோது தூரத்து உறவினர்கள் சிலர் அகப்பட்டார்கள். அங்கிருந்து குடும்ப மரத்தைக் கிளை கிளையாக வரைந்துகொண்டே போய் அவர் வீட்டுக்கு வந்தார்கள். அவர் குப்பைத் தொட்டியில் போட்ட டிஷ்யூ பேப்பர் மீதியை உறுதி செய்தது.

அவர் பிடிபட்டது நியாயம், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அந்த வழி கொலைகாரர்களுக்கு மட்டும் என்று போடப்பட்டதில்லை. ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் 60 சதவீதம் பேரை இப்படித் தூரத்து உறவு வழியாகவே நெருங்கிவிடலாம் என்று அதே ஆண்டு சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு கணித்தது. பெற்றவருக்கும் பிள்ளைக்கும் டிஎன்ஏ சரிபாதி பொது. கூடப்பிறந்தவர்களுக்குச் சராசரியாகப் பாதி. நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன் ஆசைக்குத் துப்பினால், கும்பகோணத்தில் இருக்கும் தங்கையின் பாதியும் அந்தக் குழாயில் போகிறது. தங்கையை யாரும் கேட்பதில்லை.

ஆஸ்பத்திரிக்கு உள்ள சட்டம் இங்கே இல்லை

அமெரிக்காவில் மருத்துவர்களையும் மருத்துவமனைகளையும் கட்டுப்படுத்தும் ஹிப்பா என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்துக்குள் இந்த நிறுவனங்கள் பொதுவாக வருவதில்லை. மரபணுவைக் காட்டிப் பாகுபாடு செய்வதைத் தடுக்கும் 2008-ம் ஆண்டின் ஜினா சட்டம் வேலைக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் பொருந்தும். ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, முதுமைப் பராமரிப்புக் காப்பீடு ஆகியவை அதற்கு வெளியே நிற்கின்றன. புளோரிடா 2020-ல் தனிச் சட்டம் போட்டு அந்த ஓட்டையை அடைத்தது.

நிறுவனம் திவாலானால்?

2025 மார்ச்சில் 23அண்ட்மீ திவால் மனு போட்டது. இரண்டு நாள் முன்பே கலிபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் ராப் பாண்டா, தகவலையும் மாதிரியையும் அழிக்கச் சொல்லும் உரிமை வாடிக்கையாளர்களுக்கு உண்டு என்று எச்சரிக்கை விட்டிருந்தார். மேசை நாற்காலிகளோடு சேர்ந்து ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தகவலும் ஏலத்துக்கு வந்தது. ரீஜெனரான் என்ற மருந்து நிறுவனம் 25.6 கோடி டாலர் தர முன்வந்தது. கடைசியில் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜிட்ஸ்கியின் லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. யார் கைக்குப் போகும் என்பது, துப்பிய எவர் கையிலும் இல்லாத முடிவாக இருந்தது.

உடம்புக்காகத்தான் என்றால்

அம்மாவுக்கோ சித்திக்கோ மார்பகப் புற்றுநோய் வந்திருக்கிறது, நமக்கும் வருமா என்ற பயத்தில் பெட்டி வாங்குகிறவர்கள் உண்டு. பயம் நியாயமானது. அதற்கு இந்தப் பெட்டி பதில் சொல்லாது. 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 23அண்ட்மீக்கு முதலில் அனுமதித்தது, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ மரபணுக்களில் மூன்றே மூன்று மாற்றங்களைச் சொல்லத்தான். அவை அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அந்த மரபணுக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருக்கின்றன. “இல்லை” என்று வந்த அறிக்கையை நம்பி மேமோகிராம் எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. குடும்ப வரலாற்றை எழுதி எடுத்துக்கொண்டு புற்றுநோய் மருத்துவரிடமோ மரபணு ஆலோசகரிடமோ போங்கள். தேவை என்றால் அவர் முழுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கச் சொல்வார்.

ஏற்கெனவே துப்பிவிட்டவர்களுக்கு

முதலில் உறவினர் தேடும் வசதியை நிறுத்துங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு வையுங்கள். உள்ளே நுழைய ஓடிபி கேட்கும்படியும் செய்யுங்கள். ஆய்வுக்குக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுங்கள், எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லுங்கள், பிறகு கணக்கையே நீக்குங்கள். உறுதிசெய்யச் சொல்லி மின்னஞ்சல் வரும். அதை அழுத்தாவிட்டால் எதுவும் நீங்காது. அறிக்கையின் மூலக் கோப்பை இறக்கி வேறு தளங்களில் ஏற்றியிருந்தால் அங்கேயும் போய் எடுக்க வேண்டும்.

நீக்கிய பிறகும் நடந்து முடிந்த ஆய்வுகளில் சேர்ந்தது திரும்பாது. ஆய்வகச் சட்டப்படி வைத்திருக்க வேண்டிய சில பதிவுகளும் தங்கும். வீட்டில் வேறு யார் துப்பியிருக்கிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்; அண்ணனின் கணக்கு இருக்கிற வரை உங்களில் பாதி அங்கேதான் இருக்கிறது.