இருவர் வழி – 17: மலைமேல் ஒருவர், மலையடியில் ஒருவர்

திண்டிவனத்தில் ஏறிய திருவண்ணாமலைப் பேருந்து செஞ்சியை நெருங்கியபோது என் கணவர் தோளைத் தட்டினார். “ஜன்னல் பக்கம் பாரு.” அறுவடைக்கு நின்ற நெல்வயல்களுக்கு அப்பால், கூடை கூடையாகக் கொட்டிக் குவித்தாற்போல் பாறைகள். அந்தக் குவியலின் உச்சியில் மதில். அண்ணாமலையார் கோயிலுக்கு எத்தனையோ முறை இந்தச் சாலையில் போயிருக்கிறோம். ‘வரும்போது இறங்கலாம்’ என்போம். வரும்போது இருட்டியிருக்கும். இந்தத் தை மாதம் செஞ்சிக்கென்றே இரண்டு நாள் ஒதுக்கிக் கிளம்பினோம்.

ஜெய்சல்மேரின் மணல்மேடுகளையும், தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டின் செம்மணலையும், கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இந்தத் தொடரில் என்னோடு கடந்து வந்திருக்கிறீர்கள். வறண்ட நிலம், மலை, வயல் என்று தனித்தனியாகத் தேடிப் போனவை மூன்றும் செஞ்சியில் ஒரே இடத்தில் இருக்கின்றன.

சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரைக்கு நடக்கிறார்கள். மழை பொய்த்த கோடையில் காட்டு நிலமும் மலை நிலமும் வறண்டு போவதையே பாலை என்று இளங்கோவடிகள் விளக்குவது அங்கேதான். தமிழ் மண்ணில் பாலை என்பது பெரும்பாலும் ஒரு பருவம். சித்திரை வெயிலில் செஞ்சிப் பாறைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் போன தை மாதத்தில் பாறை இடுக்குகளில் பச்சை இருந்தது. குளங்களில் தண்ணீர் இருந்தது. காதலனும் காதலியும் சேர்ந்து அந்தப் பாலை வழியே போவதை நம் அக இலக்கணம் உடன்போக்கு என்கிறது. இந்தத் தொடருக்குத் தலைப்பு வைத்தபோது என் மனத்தில் இருந்த சொல் அதுதான்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் இணைத்து ஓடும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். கோன் மரபினர் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கோட்டையை இன்று நாம் பார்க்கும் அளவுக்கு வளர்த்தவர்கள் செஞ்சி நாயக்கர்கள். 1597-இல் இங்கே வந்த பிமெண்டா என்ற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பன் நகரை விட்டால் போர்ச்சுக்கலில் இதற்கு ஈடான ஊர் இல்லை என்னும் பொருள்பட எழுதிவைத்தார். பிறகு பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, அதன்பின் முகலாயர், ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர் என்று கை மாறிக்கொண்டே வந்தது.

ராஜகிரி அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்தோம். சுமார் 800 அடி. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இவருக்கு இரண்டு ஆண்டாக மூட்டுத் தேய்மானம்.

“நீ போயிட்டு வா. நான் கீழே சுத்திப் பார்க்கறேன்.”

“நீங்க இல்லாம எப்படிங்க?”

“நீ பார்த்ததை எனக்குச் சொல்லு. நான் பார்த்ததை உனக்குச் சொல்றேன்.”

கொஞ்சம் நின்று, “இதையெல்லாம் நாற்பது வயசுலயே பார்த்திருக்கணும்” என்றார். அந்தக் குரல் என்னை என்னவோ செய்தது. கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியை நினைத்துக்கொண்டேன். கடை வருமானத்தில் மிச்சம் பிடித்தும் கடன் வாங்கியும் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட நாடுகளைப் பார்த்தவர்கள். அவர்களுடைய வெளிநாட்டுப் பயணங்கள் தொடங்கியது 2007-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார், 71 வயதில். நாற்பதில் போகாத ஊருக்கு அறுபதில் போகலாம். போகாமல் இருப்பதுதான் இழப்பு. அதைச் சொல்லிவிட்டுப் படியேறினேன்.

படிகள் ஒரே அளவாக இல்லை. சில முழங்கால் உயரம். பாதி வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில். மலைக்குக் காவல் இவள்தான். ராஜகிரிக்குக் கமலகிரி என்றே பழைய பெயர் ஒன்று உண்டு. அதற்கு மேல் ஒவ்வொரு வாசலாகக் கடந்து போக வேண்டும். உச்சிக்குச் சற்று முன்னால் மலை சட்டென்று பிளந்து நிற்கிறது. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. அந்தக் காலத்தில் மரப்பாலத்தை இழுத்துக்கொண்டால் மேலே போக வேறு வழி கிடையாது. இன்றுள்ள பாலத்தில் நடக்கும்போதும் கால் கூசியது.

மேலே ரங்கநாதர் கோயில், ஒரு பீரங்கி, காற்று. நான்கு பக்கமும் பாய் விரித்தாற்போல் வயல்கள், நடுநடுவே ஏரிகள். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து, வீடூர் அணையில் தேங்கி, புதுச்சேரிக்கு அருகே கடலில் கலக்கும் சங்கராபரணி வளர்த்த நிலம் இது. கல்யாண மகால் விரல் நுனி அளவு தெரிந்தது. அதன் பக்கத்தில் எங்கோ இவர் இருக்கிறார் என்று கையை அசைத்தேன்.

நான் இறங்கி வந்தபோது இவர் நெற்களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த நோட்டில் இரண்டு பக்கம் நிரம்பியிருந்தது. முப்பது ஆண்டு குடிநீர்த் திட்டங்களில் வேலை பார்த்தவர். “வா, உனக்கு ஒண்ணு காட்டணும்” என்று கல்யாண மகாலுக்கு அழைத்துப்போனார். அடுக்கடுக்காக உயர்ந்து மேலே கூம்பாக முடியும் அந்தக் கட்டடத்தின் ஆறாவது தளம் வரை, மதிலுக்கு வெளியே சுமார் 500 கஜ தூரத்திலிருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுட்ட மண்குழாய்களில் தண்ணீர் வந்திருக்கிறது. “மோட்டார் கிடையாது. மட்டம் பார்த்து மட்டும் ஏத்தியிருக்கான்” என்று சுவரைத் தடவித் தடவிச் சொன்னார். மலைமேல் நான் பார்த்த எதையும் பார்க்காதவர் முகத்தில் என்னைவிடக் கூடுதலாக மகிழ்ச்சி.

பிறகு ஆனைக்குளம், சக்கரகுளம், செட்டிகுளம், மறுபடியும் களஞ்சியம். உள்ளே வளைவுக் கூரையின் கீழ், கனத்த சுவர்களுக்கு நடுவே, நண்பகலிலும் குளிர்ச்சி. இவர் கணக்கு தெளிவாக இருந்தது: கோட்டையின் உயிர் உச்சியில் இல்லை, அடிவாரத்தில் இருக்கிறது.

வரலாறும் அதையே சொல்கிறது. 1689-இல் சிவாஜியின் மகன் சம்பாஜி கொல்லப்பட்ட பின் அவர் தம்பி ராஜாராம் தெற்கே தப்பி வந்து செஞ்சியைத் தலைநகராக்கினார். 1690-இல் முகலாயத் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-இல். அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். நடுவில் மராத்தியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் முகலாயப் பாசறைக்கு வந்த தானியத்தை மறித்தபோது, முற்றுகையிட்டவர்களே பசியில் வாடினார்கள். உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும் அந்த எட்டு ஆண்டும் நெல் கணக்குதான்.

அந்தக் கணக்கு செஞ்சியில் இன்னும் நடக்கிறது. மாலையில் ஊருக்குள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துப் பக்கம் போனோம். நெல் மூட்டைகள் மதில்போல் அடுக்கியிருந்தன. இந்தப் பக்கத்து மக்கள் மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலையை அவித்து விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம் இரண்டு பொட்டலம் வாங்கிக்கொண்டு, வண்டிகள் வந்து போவதைப் பார்த்தபடி நின்றோம்.

மறுநாள் ஆட்டோ பேசிக்கொண்டு ஊருக்கு வடக்கே திருநாதர்குன்றுக்குப் போனோம். இது சிறிய குன்று. இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார். தனித்து நிற்கும் பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்கள், வரிசைக்குப் பன்னிருவராக. பக்கத்தில் ஒரு பழங்கல்வெட்டு: சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்டதைச் சொல்கிறது. தமிழி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்து எழுத்து என்பதால் எழுத்தறிஞர்கள் இதைப் போற்றுகிறார்கள். கீழே வயலில் அறுவடை எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நெல் விளையும் பூமியைப் பார்த்தபடி ஒருவர் உணவைத் துறந்த இடத்தில் நாங்கள் வெகுநேரம் பேசவில்லை.

அங்கிருந்து சிங்கவரம். பல்லவர் காலக் குடைவரையில், மலைப்பாறையிலேயே செதுக்கிய ரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். போருக்குப் போகாதே என்று பெருமாள் தடுத்தும் செஞ்சியை ஆண்ட தேசிங்கு கேட்கவில்லை, அதனால் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று ஊரார் சொல்கிறார்கள். நேரம் இருப்பவர்கள் விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டையும் பார்த்துவிட வேண்டும். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்கு மகேந்திரவர்மன் குடைந்த கோயில் அது.

மாலையில் மறுபடியும் செட்டிகுளக்கரை. தேசிங்குராஜன் கதையில் நாம் கேட்ட தேசிங்கு, வரலாற்றில் தேஜ்சிங் என்ற புந்தேல இளைஞன். 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி இறந்தபோது வயது 22 என்பார்கள். இந்தக் கரையில் அவன் உடலோடு அவன் மனைவியும் தீயில் இறங்கினாள் என்றும், அவள் நினைவாகவே நவாப் ராணிப்பேட்டையை உண்டாக்கினார் என்றும் சொல்லி வருகிறார்கள். அந்த மரணத்தை என்னால் போற்ற முடியவில்லை. வாழ வேண்டிய ஒரு பெண். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்காக மனம் கனத்தது.

திரும்பும் வழியில் கல்யாண மகால் சுவரில் கண்டது இன்னும் உறுத்துகிறது. ஆணியாலும் சாவியாலும் கீறிய பெயர்கள். ஓர் ஆண் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் இதயம். சுவருக்குச் சுவர், தூணுக்குத் தூண்.

2025 ஜூலையில் ‘மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனிக் கூட்டம் கூடும். வருகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலையில் வாசல் திறந்ததும் ஏறத் தொடங்குங்கள்; பிற்பகலில் ராஜகிரி ஏற விடுவதில்லை. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், தின்பண்டத்தைக் கையில் பிடித்துப் போனால் குரங்கு பிடுங்கிவிடும். ஒரு நாள் கோட்டைக்கு, ஒரு நாள் சுற்றுப்புற ஊர்களுக்கு. ஏற முடியாதவரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். கோட்டையின் சரிபாதி அடிவாரத்தில் இருக்கிறது.

கைகோத்து வரும் இளையவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் அன்பு பெரியதுதான். அதை அந்தச் சுவரில் எழுதாதீர்கள். எட்டு ஆண்டு முற்றுகையைத் தாங்கிய கோட்டை அது. நம் சாவியையும் ஆணியையும் அது தாங்க வேண்டாம்.

(பயணம் தொடரும்)