பதிவேட்டில் விடுபடும் பெயர்கள்



"இந்தக் காலாண்டில் இத்தனை காசநோயாளிகள் சிகிச்சை பெற்றார்கள்" என்ற வரியை மருத்துவ ஊழியச் செய்திகளில் தாங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். அந்த எண் எவ்வாறு கிடைக்கிறது, அதில் பிழை எங்கே நுழையும் என்பதைத் தாங்களும் அறிந்திருப்பது நல்லது. கணக்கு தவறினால், தேடிப்போக வேண்டிய நோயாளி ஒருவர் யாருடைய கண்ணிலும் படாமல் போய்விடுவார்.

சாதாரண காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை 6 மாதங்கள். இருமல் நின்று உடல் தேறியதும், "இனி எதற்கு மாத்திரை?" என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தினால் நோய் திரும்பலாம். மருந்துக்குக் கட்டுப்படாததாகவும் மாறலாம். ஆகவே, நோயாளி எந்த நாளில் வந்தார், எந்த நாளில் வரவில்லை என்பதே இங்கு முக்கியம்.

இத்தகைய பதிவேட்டை இன்று பல இடங்களில் எக்செல் போன்ற கணினி அட்டவணையில் வைத்திருக்கிறார்கள். ஒரு நோயாளிக்கு ஒரு வரி. சிகிச்சை தொடங்கிய நாள், கடைசியாக மருந்து வாங்கிய நாள், சிகிச்சை முடிந்த நாள் என மூன்று தேதிகள் இருந்தால் போதும். எக்செல் ஒவ்வொரு தேதியையும் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்பது 1. 2024 ஜனவரி 1 என்பது 45292. எனவே முந்திய நாள் சிறிய எண், பிந்திய நாள் பெரிய எண். தேதியை வைத்து எண்ணும் வேலை இதனால் எளிதாகிறது.

நிபந்தனை ஒன்று என்றால் "கவுண்ட்இஃப்" என்ற சூத்திரம் போதும். பல நிபந்தனைகளுக்கு, 2007-இல் வந்த "கவுண்ட்இஃப்ஸ்" உதவும். 2024 மார்ச்சில் சிகிச்சை தொடங்கியவர்கள் எத்தனை பேர்? தொடங்கிய நாள் மார்ச் 1 அல்லது அதற்குப் பின், ஆனால் ஏப்ரல் 1-க்கு முன் என்று இரண்டு நிபந்தனைகள் கொடுக்க வேண்டும். "மார்ச் 31 வரை" என்று கொடுத்தால் ஓர் ஆபத்து உண்டு. தேதியோடு நேரமும் பதிவாகியிருந்தால், 31-ஆம் தேதி காலை 10 மணிக்கு வந்தவர் கணக்கில் சேரமாட்டார்.

பதிவேடு நாள்தோறும் வளர்கிறது. 200-வது வரி வரைதான் எண்ணும்படி சூத்திரம் எழுதியிருந்தால், அதன் கீழே 201-வது வரியில் சேர்ந்த நோயாளி விடுபடுவார். கணினி எச்சரிக்கை கொடுக்காமலே போகலாம். பட்டியலை எக்செலின் "டேபிள்" ஆக மாற்றிவிட்டால், புதிய வரி சேரும்போது சூத்திரமும் தானே நீளும்.

பெரிய அமைப்புகளுக்கும் இப்படி நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கொரோனா தொற்றாளர்கள் அன்றாட எண்ணிக்கையிலிருந்து விடுபட்டார்கள். பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிகளுக்கு மேல் இடமில்லாததே காரணம். அவர்களுக்குப் பரிசோதனை முடிவு சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை பல நாட்கள் தாமதமானது.

இனி மிக முக்கியமான கேள்வி: மருந்து வாங்க வராதவர்கள் யார்? மாதம் ஒருமுறை மருந்து கொடுக்கும் இடத்தில், கடைசியாக வாங்கிய நாள் இன்றைக்கு 35 நாட்களுக்கு முந்தியதா, முடிந்த நாள் காலியாக இருக்கிறதா என்று கேட்கலாம். ஆனால் பெயரைப் பதிந்துவிட்டு ஒருமுறைகூட மருந்து வாங்காதவருக்கு அந்தக் கட்டம் காலியாக இருக்குமே! காலிக் கட்டத்தை இந்தச் சூத்திரம் எண்ணாது. முதலில் தேட வேண்டியவரே விடுபட்டுப் போகிறார். எனவே அந்தக் காலிக் கட்டங்களைத் தனியே எண்ணிக் கூட்ட வேண்டும்.

தேதியை ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் தட்டச்சு செய்தால், கணினி சிலவற்றைத் தேதியாக ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். அந்த வரிகளும் கணக்கில் வராது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. "கவுண்ட்" எண்களை மட்டும் எண்ணும். "கவுண்ட்ஏ" நிரம்பிய எல்லாக் கட்டங்களையும் எண்ணும். தலைப்பு வரியைத் தவிர்த்து எண்ணினால், தேதிப் பத்தியில் இவ்விரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் எங்கோ ஒரு தேதி எழுத்தாகக் கிடக்கிறது.

குணமடைந்தோர் விகிதத்திற்கும் தேதியே அடிப்படை. போன வாரம் சேர்ந்தவர் இன்று சிகிச்சையை முடித்திருக்க முடியாது. ஆகவே, ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்கியவர்களை ஒரு குழுவாக வைத்து, அதே குழுவில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேர் நிறுத்தினார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று பின்னர் பார்ப்பதே முறை. 1970-களின் இறுதியில் டாக்டர் காரெல் ஸ்டைப்லோ தான்சானியாவில் இந்த முறையை வளர்த்தார். பின்னர் உலக நாடுகள் பலவும் இதைப் பின்பற்றின.

ஆகவே அன்பானவர்களே, இனி ஓர் அறிக்கையில் எண்ணைக் காணும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை? எந்தத் தேதியை வைத்து எண்ணினார்கள்? தேதி எழுதப்படாதவர்கள் எத்தனை பேர்? தங்கள் கேள்வியால் பதிவேட்டை இன்னொரு முறை திறந்து பார்க்கும் ஊழியர், விடுபட்ட ஒரு பெயரைக் கண்டுபிடித்து, அந்த வீட்டுக்குச் செல்லக்கூடும்.