மணலில் ஒரு நெடுந்தொலைவு ஓட்டம்

மாரத்தான் ஓட்டத்தின் தொலைவு 42.195 கிலோமீட்டர். அதனினும் மிகுந்த தொலைவு ஓடுவது அல்ட்ராமாரத்தான் எனப்படும். மொராக்கோ நாட்டின் சகாராப் பாலைவனத்தில் 1986ஆம் ஆண்டு தொடங்கிய 'மாரத்தான் தே சாப்ள்' அவ்வகையினது. அதன் தொலைவு ஏறத்தாழ 250 கிலோமீட்டர்; அமரவிளையிலிருந்து திருநெல்வேலி சென்று மீளும் அளவு! பல நாள்கள் நடைபெறும் இவ்வோட்டத்தில் வீரர்கள் தம் உணவையும் படுக்கையையும் தாமே சுமப்பர். தண்ணீர் வழங்கப்படும்.

மணலில் கால் புதைவதால் ஒவ்வோர் அடிக்கும் மிகுந்த ஆற்றல் வேண்டும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் உடல் இழந்த நீரின் அளவும் தெரியாது. எனினும், வழி தவறுவதே பேரிடர்.

1994ஆம் ஆண்டு, இத்தாலிய வீரர் மௌரோ புரோஸ்பெரி மணற்புயலில் சிக்கினார். புயல் வீசினால் நின்றுவிட வேண்டும் என்பது விதி. முன்னணியில் இருந்த அவரோ, தம் இடத்தை இழக்க மனமின்றி ஓடினார். புயல் ஓய்ந்தபோது பாதை மறைந்திருந்தது. அதன்பின், நண்பகலில் நிழலில் கிடந்தார். காலையிலும் மாலையிலும், விடியலில் அடிவானத்தில் கண்ட மேகங்களின் திசையிலேயே நடந்தார். ஏறத்தாழ ஒன்பது நாள்களுக்குப்பின், ஆடு மேய்த்த சிறுமி ஒருத்தி அவரைக் கண்டாள். அவளைச் சார்ந்த நாடோடிப் பெண்கள் ஆட்டுப்பால் அளித்துக் காத்தனர். அவ்விடம் மொராக்கோ அன்று, அல்ஜீரியா!

பின்னாளில் அவர் அதே ஓட்டத்தில் மீண்டும் பங்கேற்றார்.